வேடம் கட்டும் குட்டிக் கணினி

2016 நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஒரு குட்டிப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. 1980களில் உலகம் முழுக்க விற்ற அதன் என்.இ.எஸ். வீடியோ கேம் கன்சோல்தான். ஆனால் உள்ளங்கையில் உட்காரும் அளவு. கேசட் செருகும் மூடிகூட அப்படியே இருந்தது. திறக்கத்தான் முடியாது, சும்மா அழகுக்கு. 30 விளையாட்டுகளை உள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்களில் சிலர் விளையாடத் தொடங்கும் முன்பே ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்கள் (இந்த மாதிரி ஆட்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்). கழற்றிப் பார்த்தால், பழைய என்.இ.எஸ்.ஸில் இருந்த சிப் ஒன்றுகூட உள்ளே இல்லை. மலிவான டேப்லெட்டில் இருக்கிற மாதிரி ஒரு பிராசசர், கொஞ்சம் மெமரி, அதற்கு மேல் லினக்ஸ் என்ற இயங்குதளம். அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்.இ.எஸ். இல்லை. ஆனாலும் சூப்பர் மரியோ ஓடுகிறான், குதிக்கிறான். 1985-இல் எவ்வளவு உயரம் குதித்தானோ அதே உயரம். எப்படி?

இரண்டு வருடம் கழித்து சோனி நிறுவனமும் தன் முதல் பிளேஸ்டேஷனை இப்படிச் சுருக்கி விற்றது. அதற்குள் ஓடிய முக்கியமான மென்பொருளை சோனி எழுதவில்லை. ஆர்வலர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்த ஒன்றையே எடுத்துப் போட்டிருந்தார்கள். வீட்டு மேசையில் ஆர்வலர்கள் வருடக் கணக்காகச் செய்துவந்த வேலையைத்தான் இந்தப் பெரிய நிறுவனங்கள் அழகான பெட்டியில் போட்டு விற்றன என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த ஆர்வலர்களில் பலர் பயன்படுத்திய கணினியின் பெயர் ராஸ்பெர்ரி பை.

ராஸ்பெர்ரி பை ஒரே ஒரு பச்சைப் பலகை. ஏ.டி.எம். கார்டு அளவுதான் இருக்கும்: சுமார் 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம். ஹார்டு டிஸ்க் கிடையாது, மெமரி கார்டில் எழுதியதைத்தான் படித்து ஓடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபென் அப்டனும் அவருடைய நண்பர்களும் இதை உருவாக்கினார்கள். பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்கள் குறைந்துகொண்டே போனதையும், வருகிறவர்களுக்கும் புரோகிராம் எழுதிப் பழக்கமில்லை என்பதையும் கவனித்து, கெட்டுப்போனாலும் வீட்டில் திட்டு விழாத விலையில் ஒரு கணினி செய்தால் என்ன என்று யோசித்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அது விற்பனைக்கு வந்தது. அடுத்த பிறந்தநாளுக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டிய கணினி!

இந்தப் பலகையில் ரெட்ரோபை, ரீகால்பாக்ஸ், லக்கா, பட்டோசெரா என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் தொகுப்புகளில் ஏதாவது ஒன்றை ஏற்றிவிட்டால், அது விளையாட்டு கன்சோலாக மாறிவிடும். எப்படி ஏற்றுவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில், அது உள்ளே என்ன செய்கிறது?

தெருக்கூத்தில் துரியோதனன் வேடம் கட்டுகிறவர் துரியோதனன் இல்லை. நேற்று வரை வயலில் வேலை பார்த்தவராக இருக்கலாம். ஆனால் களரிக்குள் வந்துவிட்டால் துரியோதனனுக்குக் கோபம் வரும் இடத்தில் அவருக்கும் வர வேண்டும். தொடையில் அடிபட்டு விழும் இடத்தில் விழத்தான் வேண்டும். பீமன் வேடக்காரரைவிட இவர் பலசாலி என்பதற்காக ஜெயித்துவிட முடியாது. எமுலேட்டர் என்ற மென்பொருள் செய்வது இப்படி ஒரு வேடம்தான். ஒரு கணினி இன்னொரு கணினியாக நடிக்கிறது.

கிட்டப் போய்ப் பார்ப்போம். பழைய கேசட்டுக்குள் படமோ பாட்டோ நேரடியாக இல்லை. எண்கள்தான் வரிசையாக இருக்கும். நடுவில் இப்படி நான்கு எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 169, 5, 133, 16. என்.இ.எஸ்.ஸின் பிராசசருக்கு 169 என்றால், ‘அடுத்து வரும் எண்ணை எடுத்து உன் கையில் வைத்துக்கொள்’ என்று அர்த்தம். அந்தக் கைக்கு ‘ஏ’ என்று பெயர். 133 என்றால், ‘ஏ-யில் இருப்பதை மெமரியில் இன்ன அறையில் போடு’. ஆக, நான்கு எண்களும் சேர்ந்து சொல்வது: 16-ஆம் அறையில் 5-ஐப் போடு. அந்த அறை மரியோவுக்கு மிச்சமிருக்கும் உயிர்களைக் குறித்துவைக்கும் இடமாக இருந்தால், இப்போது அவனுக்கு ஐந்து உயிர்.

ராஸ்பெர்ரி பையின் பிராசசர் பேசும் மொழி வேறு. அதனிடம் இந்த 169-ஐ நேராகக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. அதனால் எமுலேட்டர் தன் மெமரியில் 2,048 அறைகள் கொண்ட ஒரு வரிசையை ஒதுக்குகிறது. பழைய கன்சோலில் வேலை செய்வதற்கு இருந்த மொத்த மெமரியே அந்த 2 கிலோபைட்தான். ‘ஏ’ என்று ஒரு பெயரையும் வைத்துக்கொள்கிறது. கேசட்டில் இருந்து 169-ஐப் படிக்கிறது, அட்டவணையில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்க்கிறது, அதைச் செய்கிறது, அடுத்த எண்ணுக்குப் போகிறது. படி, பார், செய். ஒரு நொடிக்கு லட்சக் கணக்கான தடவை இதையேதான் செய்துகொண்டிருக்கும்.

அதோடு ஒரு கணக்கும் எழுதிக்கொண்டே வரும். பழைய பிராசசருக்கு முதல் வேலையைச் செய்ய 2 கடிகாரத் துடிப்பு தேவைப்பட்டது, இரண்டாவதற்கு 3 துடிப்பு. ‘இதுவரை 5 துடிப்பு செலவு’ என்று எமுலேட்டர் குறித்துக்கொள்கிறது. அங்கே படம் வரைவதற்குத் தனியாக இன்னொரு சிப் இருந்தது. பிராசசரின் ஒரு துடிப்புக்குள் அது 3 புள்ளிகளைக் கடந்துவிடும். ஆகவே 5 துடிப்பு போயிருந்தால், திரையில் 15 புள்ளிகளையும் கணக்கிட வேண்டும். பிராசசராகக் கொஞ்சம், படச் சிப்பாகக் கொஞ்சம், ஒலிக்குக் கொஞ்சம் என்று ஒரே ஆள் மாறி மாறி மூன்று வேடம் கட்ட வேண்டியிருக்கிறது.

எதற்கு இவ்வளவு கணக்கு? புதிய கணினிதான் வேகமானதாயிற்றே? வேகம்தான் இங்கே தொல்லையே. என்.இ.எஸ். பிராசசர் நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் தடவை துடித்தது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4, நொடிக்கு 150 கோடி தடவை துடிக்கும். எண்ணூறு மடங்குக்கும் மேல். தன் இஷ்டத்துக்கு ஓடவிட்டால், நீங்கள் பட்டனைத் தேடுவதற்குள் நேரம் தீர்ந்து மரியோ செத்துப்போயிருப்பான். அமெரிக்க, ஜப்பானிய டிவிக்களில் நொடிக்கு 60 படங்கள் வரும். ஒரு படத்துக்குப் பழைய பிராசசரிடம் இருந்தது சுமார் 29,780 துடிப்பு. எமுலேட்டர் அத்தனை துடிப்புக்கான வேலையை முடித்ததும் நின்றுவிடும். ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். பிறகுதான் அடுத்த படம். இந்தக் காத்திருப்பில் கொஞ்சம் பிசகினாலும் முதலில் காதுக்குத்தான் தெரியும்: பாட்டு கரகரக்கும்.

பழைய கணினி மெதுவாக இருந்ததையே ஒரு விளையாட்டின் உயிராக்கிய கதை ஒன்று உண்டு. ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978. ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. மேலே 5 வரிசையில் 11, 11-ஆக 55 வேற்றுக்கிரக ஆட்கள் நிற்பார்கள். பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவார்கள். நாம் கீழேயிருந்து சுட வேண்டும். அன்றைய பிராசசரால் 55 பேரையும் ஒரே சமயத்தில் நகர்த்த முடியவில்லை. ஒரு படத்துக்கு ஒரு ஆள் என்று நகர்த்தியது. நொடிக்கு 60 படம் என்பதால், எல்லோரும் ஒரு அடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். நீங்கள் சுடச் சுட ஆட்கள் குறைகிறார்கள். 30 பேர் இருந்தால் அரை நொடிக்கு ஓர் அடி. கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சும்போது அவன் நொடிக்கு 60 அடி வைப்பான்! ஜெயிக்கப் போகிறோம் என்று நினைக்கும்போதுதான் விரல் நடுங்கும். வேண்டுமென்றே திட்டமிட்ட வேகம் இல்லை அது. ஆட்கள் குறைந்ததும் தானாக வந்த வேகம். நிஷிகாடோவுக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். ‘எங்கள் கணினிதான் வேகமானதாயிற்றே, 55 பேரையும் ஒன்றாக நகர்த்திவிடலாம்’ என்று எமுலேட்டர் புத்திசாலித்தனம் காட்டினால், விளையாட்டே செத்துவிடும்.

அதாவது, நல்ல வேடக்காரர் மூலக் கணினியின் குறைகளையும் சேர்த்தே நடிக்க வேண்டும். என்.இ.எஸ்.ஸில் திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8 நகரும் படத்துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவது அந்தக் கோட்டில் காணாமல் போய்விடும். எதிரி மொத்தமாக மறைந்தால் நமக்கு அநியாயம் அல்லவா? அதனால் புரோகிராம் எழுதியவர்கள், இந்தப் படத்தில் ஒருவன், அடுத்த படத்தில் இன்னொருவன் என்று முறைவைத்து மறைத்தார்கள். கூட்டமான இடங்களில் எதிரிகள் மினுக் மினுக்கென்று தெரிவது அதனால்தான். சில விளையாட்டுகள் இந்தக் குறையையே தந்திரமாகப் பயன்படுத்தி, மறைக்க வேண்டியதை மறைத்தன. ராஸ்பெர்ரி பையால் ஒரு கோட்டில் எத்தனை துண்டு வேண்டுமானாலும் வரைய முடியும். ஆனாலும் ஒன்பதாவதை வரையாமல் விட வேண்டும்.

இடப் பஞ்சமும் அப்படித்தான். முதல் சூப்பர் மரியோ விளையாட்டு மொத்தமும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்த முறை விளையாடும்போது வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே படம்! வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்.

எவ்வளவு நன்றாக நடித்தாலும் ஓரிடத்தில் இந்த வேடம் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் விளையாட்டைப் பற்றி உங்கள் அப்பா, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கியிலிருந்து டிவிக்கு ஏதோ போகிறது என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். ஒன்றும் போகவில்லை. டிவியிலிருந்து வரும் வெளிச்சத்தைத்தான் துப்பாக்கி பார்க்கிறது. அதன் முனையில் ஒளியை உணரும் சிறு கண் உண்டு. குதிரையை இழுத்ததும், திரை முழுதும் ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று துப்பாக்கி பார்த்திருந்தால் வாத்து விழும். துப்பாக்கியைக் குண்டு பல்புக்கு நேரே காட்டி ஏமாற்றலாமே என்று யோசிக்கிறீர்களா? முடியாது. திரை இருட்டாக இருக்க வேண்டிய கணத்திலும் பல்பு எரியுமே.

இந்தத் தந்திரம் பழைய குண்டு டிவியில்தான் நடக்கும். அதில் ஒரு எலக்ட்ரான் கற்றை நொடிக்குச் சுமார் 15,700 கோடுகளாக ஓடி ஓடிப் படத்தை வரையும். சிக்னல் வந்த கணமே திரையில் புள்ளி ஒளிரும். துப்பாக்கியின் மின்சுற்றும் அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே ஏற்கும்படி செய்யப்பட்டது. இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சற்றுத் தாமதமாகக் காட்டும். அந்தத் துடிப்பும் அதில் இல்லை. எமுலேட்டர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறது. துப்பாக்கியின் கண்ணுக்குத் திரையில் எதுவும் தெரிவதில்லை. இதற்காகவே கேமரா பொருத்திய புதுவகைத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. அவை திரையின் நான்கு ஓரங்களையும் பார்த்து, எங்கே குறி வைக்கிறோம் என்று கணக்குப் போடும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விளையாடியது பெரும்பாலும் நின்டெண்டோ பெட்டியில் இருக்காது. 1990களில் நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்று விற்றவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள்தான். மேலே செருகும் கேசட்டில் ‘9999 இன் 1’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுகளே வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும்! கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி ‘ஃபூ’ என்று ஊதுவது அன்றைய வைத்தியம். ஊதியதால் சரியானதில்லை, கழற்றி மறுபடி செருகியதில் செம்புப் பட்டைகள் ஒழுங்காக உரசியிருக்கும். எச்சில் ஈரம் பட்டால் அந்தப் பட்டைகள் கறுத்துப்போகும், அவ்வளவுதான் மிச்சம்.

அந்தக் கேசட்டின் எண்களை அப்படியே ஒரு கோப்பாக எடுத்தால் அதற்கு ‘ரோம்’ என்று பெயர். எமுலேட்டர் படிப்பது அதைத்தான். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எமுலேட்டர் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் விளையாட்டுக்கு வயதாகிவிட்டது என்பதற்காக அதன் பதிப்புரிமை போய்விடாது. நம் நாட்டுச் சட்டமும் கணினிப் புரோகிராமை எழுத்துப் படைப்பாகவே பார்க்கிறது. யாரோ எங்கேயோ ஏற்றிவைத்த ரோம்களை அள்ளிக்கொள்வது கதைப் புத்தகத்தைத் திருட்டு அச்சில் வாங்குவதற்குச் சமம். எழுதியவர்களே இலவசமாகக் கொடுத்த நல்ல விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஜப்பானில் டைசுகே அமாயா என்ற ஒரே ஆள் கதை, படம், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2004-இல் இலவசமாக வெளியிட்ட ‘கேவ் ஸ்டோரி’ ராஸ்பெர்ரி பையிலும் ஓடும். என்.இ.எஸ்.ஸுக்காக இன்றும் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதே 40 கிலோபைட்டுக்குள்!

இனி, செய்யும் வேலை. அது சுலபமானது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேறொரு கணினியில் தொகுப்பை இறக்கி மெமரி கார்டில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. அதற்கென்றே இருக்கும் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். கார்டைப் பலகையில் செருகி, ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் டிவியோடு இணைத்து, யு.எஸ்.பி. கேம்பேடு மாட்டி, சப்ளை கொடுங்கள். ரெட்ரோபை முதலில், ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லும். பிறகு எந்தப் பட்டன் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிந்தால் சார்ஜர் போதவில்லை என்று அர்த்தம். 80 டிகிரி சூட்டைத் தாண்டினால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதனால் மூடிய டப்பாவில் போட்டு அமுக்காதீர்கள். ஆடி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கவே கூடாது. கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால் எல்லாம் பாழ். மெனுவுக்குப் போய் முறையாக அணையுங்கள். பை வாங்கக் காசு சேரவில்லையா? வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப் போதும். பட்டோசெராவைப் பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே ஓட்டலாம், லேப்டாப்பில் இருக்கும் எதையும் அது தொடாது.

கேம்பேடு வாங்காமல் சொந்தமாகப் பட்டன் வைப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பலகையின் ஓரத்தில் 40 ஊசிகள் நிற்கும். ஓர் ஊசியிலிருந்து பட்டனுக்கு ஒரு ஒயர், பட்டனிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொன்று. அழுத்தாதபோது ஊசியில் 3.3 வோல்ட் இருக்கும். கணினி அதை 1 என்று படிக்கும். அழுத்தினால் கிரவுண்டோடு சேர்ந்து 0 ஆகிவிடும். பழைய என்.இ.எஸ். கேம்பேடில் எட்டு பட்டன்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், நான்கு திசைகள். எட்டு பட்டன், எட்டு பிட், சரியாக ஒரு பைட். நீங்கள் எத்தனை பட்டனைச் சேர்த்து அமுக்கினாலும் கன்சோலுக்குப் போவது அந்த ஒரு பைட்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டனை ஒரு தடவை அழுத்தினாலும், உள்ளே உலோகத் தகடு பட்டென்று ஒட்டாது. சில மில்லி நொடிகளுக்குத் துள்ளித் துள்ளி ஒட்டும். நாம் ஒரு தடவை அழுத்தியதாக நினைப்போம், வேகமான கணினி பத்துத் தடவை என்று படித்துவிடும். அதனால் முதல் தொடுதலைப் பார்த்ததும் கொஞ்சம் பொறுத்து, இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும்படி எழுத வேண்டும். ஒயரை மாட்டும்போது 5 வோல்ட் ஊசியை மட்டும் பட்டன் பக்கம் கொண்டுவராதீர்கள், பலகை கருகிவிடும்.

இந்தப் பலகையில் இருக்கும் பிராசசரின் வகைக்கு ஆர்ம் என்று பெயர். என்.இ.எஸ்.ஸில் இருந்தது 6502 என்ற வகை; 1975-இல் வெறும் 25 டாலருக்கு வந்து, வீட்டுக் கணினி என்ற ஒன்றையே சாத்தியமாக்கிய சிப் குடும்பம் அது. இந்த இரண்டுக்கும் உறவு உண்டு. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் என்ற நிறுவனம், 6502-ஐ வைத்து பிபிசி மைக்ரோ என்ற கணினியைப் பள்ளிகளுக்குச் செய்து கொடுத்துவந்தது. அடுத்து இன்னும் வேகமான சிப் வேண்டும், ஆனால் 6502 மாதிரி எளிமையாக இருக்க வேண்டும் என்று அங்கே சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தாங்களே ஒன்றை வடிவமைக்கத் துணிந்தார்கள். அதுதான் ஆர்ம். சிப் இன்னும் பிறக்கவில்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. அது சரியாக வேலை செய்யுமா என்று பார்க்க, வில்சன் பிபிசி மைக்ரோவில் பேசிக் மொழியில் ஆர்ம்போல நடிக்கும் ஒரு புரோகிராம் எழுதினார். அதாவது, அன்று 6502-தான் ஆர்ம் வேடம் கட்டியது! இன்று ஆர்ம் திருப்பிக் கட்டுகிறது.

1985 ஏப்ரல் 26 அன்று நிஜமான ஆர்ம் சிப் கைக்கு வந்தது. பலகையில் பொருத்தினார்கள், உடனே ஓடியது. எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று ஃபர்பர் மீட்டரை வைத்துப் பார்த்தால், முள் பூஜ்யத்தில் நிற்கிறது. பலகையில் ஏதோ கோளாறு. சிப்புக்குப் போக வேண்டிய சப்ளை போகவே இல்லை. சுற்றியிருந்த சிக்னல் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த சொச்ச மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது.